தோட்டத்திற்கு வரும் விலங்கைப் படம் பிடிக்க: குறைந்த செலவில் ஒரு டிரெயில் கேமரா

காலையில் எழுந்து தோட்டத்திற்குப் போனால் பழுத்த பப்பாளி பாதி தின்னப்பட்டுக் கிடக்கிறது. மரவள்ளிக் கிழங்குப் பாத்தி கிளறப்பட்டிருக்கிறது. வந்தது யார்? காட்டுப்பன்றி என்பார் ஒருவர். முள்ளம்பன்றி என்பார் இன்னொருவர். மரநாயாகத்தான் இருக்கும் என்று மூன்றாமவர் அடித்துச் சொல்வார். டார்ச் லைட்டுடன் இரவெல்லாம் கண் விழித்துக் காத்திருந்தாலும் பயனில்லை. மனித வாடை பட்டவுடன் வந்த விலங்கு திரும்பிப் போய்விடும்.

இந்தக் கேள்விக்கு விடை சொல்லும் கருவிதான் டிரெயில் கேமரா. ஆள் இல்லாத இடத்தில் தானாகக் காத்திருந்து, உடல் சூடுள்ள ஏதேனும் ஒன்று எதிரே நகர்ந்தால் மட்டும் விழித்து, படம் எடுத்து, மெமரி கார்டில் பதிந்துவிட்டு மீண்டும் தூங்கப் போய்விடும். கடையில் வாங்கினால் பல ஆயிரம் ரூபாய் ஆகும். கொஞ்சம் பொறுமையும் சால்டரிங் அயர்னும் இருந்தால் இதில் ஒரு பகுதிச் செலவில் நாமே செய்து கொள்ளலாம். எப்படி என்று இங்கு பார்க்கலாம்.

யார் வந்தது என்று தெரிந்து கொள்வது வெறும் பொழுதுபோக்கு அல்ல. 2023 மார்ச் மாதம் தர்மபுரி மாவட்டம் மாரண்டஹள்ளி அருகே, பயிரைக் காக்க ஒரு நிலத்தில் போடப்பட்டிருந்த சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. இரண்டு குட்டிகள் தாயை இழந்து நின்றன. மின்வேலிக்கு ஆள் தெரியாது, விலங்கும் தெரியாது. வருவது இன்னது, இத்தனை மணிக்கு, இந்தப் பக்கமாக வருகிறது என்று தெரிந்துவிட்டால், அதற்கேற்ற பாதுகாப்பைத் தேடலாம். வனத் துறையிடம் இழப்பீடு கேட்கும்போதும் வாய்ச் சொல்லைவிட தேதியிட்ட ஒரு படம் அதிகம் பேசும்.

கயிற்றில் தொடங்கிய கதை

அமெரிக்காவைச் சேர்ந்த ஜார்ஜ் ஷிராஸ் என்பவர் இரவில் மான்களைப் படமெடுக்கப் பாதையின் குறுக்கே கயிறு கட்டினார். விலங்கின் கால் பட்டு கயிறு இழுபட்டால் கேமரா இயங்கும். மெக்னீசியத் தூள் பளிச்சென்று எரியும். அவர் எடுத்த படங்களை 1906 ஜூலை மாத இதழில் நேஷனல் ஜியாகிரபிக் வெளியிட்டது. நம் நாட்டில் 1920களில் வன அதிகாரியாக இருந்த எஃப்.டபிள்யூ. சாம்பியன் இதே முறையில் காட்டுப் புலிகளைப் படம் பிடித்தார். துப்பாக்கிக்குப் பதில் கேமராவை எடுங்கள் என்று அந்தக் காலத்திலேயே எழுதியவர் அவர்.

1990களின் தொடக்கத்தில் கர்நாடகத்தின் நாகரஹொளெ காட்டில் டாக்டர் உல்லாஸ் காரந்த் தானியங்கி கேமராக்களைக் கொண்டு புலிகளை எண்ணும் முறையைக் கொண்டு வந்தார். நம் கைரேகை போல ஒவ்வொரு புலியின் வரியும் தனித் தனி. ஆகவே படத்தைப் பார்த்தே இது எந்தப் புலி என்று சொல்லிவிடலாம். இதே அடிப்படையில் 2018-19இல் நடந்த அகில இந்தியப் புலிகள் கணக்கெடுப்பில் 26,838 இடங்களில் கேமராக்கள் வைக்கப்பட்டன. 3 கோடியே 48 லட்சத்திற்கும் அதிகமான படங்கள் கிடைத்தன. அவற்றில் புலிகள் இருந்தவை 76,651. உலகின் மிகப் பெரிய கேமரா ஆய்வு என்று கின்னஸ் நூலில் இது இடம் பெற்றது.

இன்னொரு பக்கம், அமெரிக்காவில் மான் வேட்டையாடுவோர் தங்கள் பகுதியில் எந்த மான் எப்போது நடமாடுகிறது என்று அறிய இதே கருவியைப் பயன்படுத்தினர். முதலில் வந்தவை 35 மி.மீ. பிலிம் கேமராக்கள். ஒரு சுருளில் 36 படம். காற்றில் ஆடிய செடி ஒன்றே மொத்தச் சுருளையும் தின்றுவிடும். டிஜிட்டல் கேமரா வந்தபின் நிலைமை மாறியது. 2000களின் நடுவில் அங்கே பலர் பழைய சோனி சைபர்ஷாட் பி41, எஸ்600 போன்ற சிறு கேமராக்களைக் குறைந்த விலைக்கு வாங்கி, பிரித்து, ஷட்டர் பட்டனின் தொடுமுனைகளில் ஒயர் பற்றவைத்து, அசைவை உணரும் ஒரு சிறு போர்டுடன் இணைத்து, தண்ணீர் புகாத பெட்டியில் வைத்து மரத்தில் கட்டினர். போர்டு சொன்னால் கேமரா ஆன் ஆகும், படம் எடுக்கும், ஆஃப் ஆகும். ஆன் ஆனவுடன் எவ்வளவு சீக்கிரம் படம் எடுக்கிறது என்பதை வைத்தே எந்த மாடலை வாங்குவது என்று முடிவு செய்தார்கள்.

இன்று அந்தப் பழைய கேமராவைத் தேடி அலைய வேண்டியதில்லை. கேமராவும், கார்டு ஸ்லாட்டும், சிறு கம்ப்யூட்டரும் சேர்ந்த போர்டு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

அசைவை எப்படி உணர்கிறது?

டிரெயில் கேமராவின் உயிர் பி.ஐ.ஆர். சென்சார். வீட்டு வாசலில் ஆள் வந்தால் தானாக எரியும் விளக்குகளில் வெள்ளைக் குமிழ் போல இருக்கிறதே, அதுதான். இது எந்தக் கதிரையும் வெளியே அனுப்புவதில்லை. எதிரே உள்ள பொருட்களின் சூட்டிலிருந்து வரும் அகச்சிவப்புக் கதிரை வெறுமனே பார்த்துக் கொண்டிருக்கும். உள்ளே இரண்டு சிறு உணர்விகள் எதிரெதிராக இணைக்கப்பட்டுள்ளன. இரண்டிலும் ஒரே அளவு சூடு விழுந்தால் ஒன்றை ஒன்று ரத்து செய்துவிடும். சூடான உடல் ஒன்று குறுக்கே நகரும்போது முதலில் ஒன்றிலும் பிறகு மற்றொன்றிலும் சூடு விழுகிறது. அந்த வித்தியாசம்தான் சிக்னல். மேலே உள்ள வெள்ளை பிளாஸ்டிக் குமிழ் பல சிறு லென்ஸ்களின் தொகுப்பு. எதிரே உள்ள பகுதியைப் பல கட்டங்களாகப் பிரித்துத் தருவது அதன் வேலை.

இதிலிருந்து நான்கு விஷயங்களைப் புரிந்து கொள்ள வேண்டும்.

1. குறுக்கே நடப்பதை நன்றாக உணரும். நேராக கேமராவை நோக்கி வருவதைத் தாமதமாகவே உணரும்.

2. கண்ணாடி, அக்ரிலிக் தகடு இவற்றின் பின்னால் வைத்தால் வேலை செய்யாது. நம் கண்ணுக்குக் கண்ணாடி தெளிவாக இருந்தாலும் உடல் சூட்டின் கதிர் அதன் வழியே போகாது.

3. சுற்றுப்புறத்தின் சூட்டிற்கும் உடல் சூட்டிற்கும் வித்தியாசம் இருக்க வேண்டும். நம் ஊர் சித்திரை வெயிலில், பகல் 37 டிகிரியைத் தாண்டும்போது, சென்சார் பாதிக் குருடாகிவிடும். இரவிலும் அதிகாலையிலும் நன்றாக இயங்கும்.

4. உடும்பு, பாம்பு போன்றவற்றின் உடல் சுற்றுப்புறத்தின் சூட்டையே கொண்டிருப்பதால் அவை பெரும்பாலும் தப்பிவிடும்.

எந்த வழி உங்களுக்கு?

முதல் வழி, செலவே இல்லாதது. வீட்டில் சும்மா கிடக்கும் பழைய ஆண்ட்ராய்ட் போனை ஜன்னலோரம் சார்ஜரில் மாட்டி வைத்து, ஐபி வெப்கேம் போன்ற ஒரு புரோகிராமை இன்ஸ்டால் செய்திடவும். லினக்ஸ் கம்ப்யூட்டரும் வெப்கேமும் இருந்தால் மோஷன் என்ற இலவச புரோகிராம் இருக்கிறது. இவை சூட்டைப் பார்ப்பதில்லை. முந்தைய படத்திற்கும் அடுத்த படத்திற்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிடுகின்றன. ஆகவே காற்றில் இலை ஆடினாலும் படம் எடுக்கும். இருட்டில் ஒன்றும் தெரியாது. ஆனால் மின்சாரம் உள்ள இடத்தில், வாசல் விளக்கின் வெளிச்சத்தில், தண்ணீர்த் தொட்டிக்கு வரும் பறவை, அணில், கீரி இவற்றைப் பார்க்க இது போதும்.

இரண்டாவது வழி, ராஸ்பெர்ரி பை ஜீரோ 2 டபிள்யூ. 2021இல் 15 டாலர் விலையில் அறிமுகமான, விரல் நீளக் கம்ப்யூட்டர் இது. இதற்கென அகச்சிவப்பு வடிகட்டி இல்லாத நோ-ஐஆர் கேமரா கிடைக்கிறது. படத்தின் தரம் நன்றாக இருக்கும், வீடியோவும் எடுக்கலாம். சிக்கல் மின்சாரத்தில்தான். லினக்ஸ் துவங்கப் பல விநாடிகள் ஆகும் என்பதால் இதைத் தூங்க வைத்து எழுப்ப முடியாது. எப்போதும் விழித்திருக்க வேண்டும். சும்மா இருக்கும்போதே அரை வாட்டுக்கு மேல் எடுக்கும். 10,000 எம்.ஏ.ஹெச். பவர் பேங்க் என்பது 37 வாட்-மணி. மாற்றத்தில் ஏற்படும் இழப்பு போக இரண்டு நாள் தாங்கும். வீட்டுப் பிளக் அருகில் என்றால் இதைத் தேர்ந்தெடுக்கலாம்.

மூன்றாவது வழி, ஈஎஸ்பி32-கேம். பட்ஜெட்டுக்கும் பேட்டரிக்கும் ஏற்றது இதுதான். தீப்பெட்டியைவிடச் சிறிய போர்டில் 2 மெகாபிக்சல் கேமரா, மைக்ரோ எஸ்டி கார்டு ஸ்லாட், வைஃபை, ஒரு வெள்ளை பிளாஷ் எல்.இ.டி. எல்லாம் உள்ளன. படம் மொபைல் போன் தரத்தில் இருக்காது. ஆனால் வந்தது பன்றியா, முள்ளம்பன்றியா என்று சந்தேகமில்லாமல் சொல்லும். இந்தக் கட்டுரையில் இதையே அமைக்கப் போகிறோம்.

தேவையான பொருட்கள்

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் போன்ற எலெக்ட்ரானிக்ஸ் கடை வீதிகளிலும் ஆன்லைன் கடைகளிலும் இவை கிடைக்கும்.

ஈஎஸ்பி32-கேம் போர்டு ஒன்று. வாங்கும்போதே யு.எஸ்.பி. இணைப்புள்ள எம்.பி. அடித்தட்டுடன் வாங்கிவிடுங்கள். புரோகிராமை ஏற்றும் வேலை சுலபமாகும்.
ஹெச்சி-எஸ்ஆர்501 பி.ஐ.ஆர். சென்சார் ஒன்று.
2என்3904 டிரான்சிஸ்டர் ஒன்று; 1 கிலோ ஓம், 10 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள் தலா ஒன்று.
மைக்ரோ எஸ்டி கார்டு. 4 ஜிபி போதும். ஒரு படம் 300 கேபி என்று வைத்துக் கொண்டாலும் பத்தாயிரத்திற்கு மேல் கொள்ளும்.
18650 வகை லித்தியம் செல் ஒன்று அல்லது இரண்டு, அதற்கான ஹோல்டர், பாதுகாப்புச் சர்க்யூட் உள்ள டிபி4056 சார்ஜர் போர்டு.
வோல்டேஜை 5க்கு உயர்த்தித் தரும் எம்டி3608 போர்டு.
எலெக்ட்ரிக்கல் கடையில் கிடைக்கும் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் ஜங்ஷன் பாக்ஸ், சிலிக்கோன் பசை, சிலிக்கா ஜெல் பொட்டலம்.

முதலில் கேமராவைச் சோதியுங்கள்

எல்லாவற்றையும் பற்றவைத்துவிட்டுப் பிறகு கேமரா இயங்கவில்லை என்றால் குற்றம் எங்கே என்று கண்டுபிடிப்பது கஷ்டம். எனவே ஒவ்வொன்றாகச் செல்லலாம்.

1. கம்ப்யூட்டரில் ஆர்டுயினோ ஐடிஇ என்ற இலவச புரோகிராமை இன்ஸ்டால் செய்திடவும். அதன் போர்டு மேனேஜரில் ஈஎஸ்பி32 எனத் தேடி அந்தத் தொகுப்பைச் சேர்க்கவும்.

2. போர்டுகளின் பட்டியலில் ஏ.ஐ. திங்கர் ஈஎஸ்பி32-கேம் என்பதைத் தேர்ந்தெடுக்கவும்.

3. எடுத்துக்காட்டு புரோகிராம்களில் கேமரா வெப் சர்வர் என்று ஒன்று இருக்கும். அதில் உங்கள் வீட்டு வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் கொடுத்து போர்டில் ஏற்றவும். கிடைக்கும் முகவரியை பிரவுசரில் கொடுத்தால் கேமராவின் காட்சி திரையில் தெரியும். தெரிந்தால் போர்டு நல்ல நிலையில் உள்ளது.

போர்டு அடிக்கடி தானாக ரீஸ்டார்ட் ஆனால் பெரும்பாலும் புரோகிராமில் குற்றம் இருக்காது. மின்சாரம் போதவில்லை என்று அர்த்தம். மெல்லிய, நீளமான யு.எஸ்.பி. கேபிளை மாற்றிப் பார்க்கவும்.

இணைப்பு

பி.ஐ.ஆர். சென்சாரில் மூன்று பின்கள் உள்ளன: 5 வோல்ட், அவுட்புட், கிரவுண்ட். அவுட்புட்டை போர்டின் 13ஆம் பின்னுக்குத் தர வேண்டும். இந்தப் பின் கார்டு ஸ்லாட்டுடனும் இணைந்திருப்பதால் நேரடியாகக் கொடுக்காமல் டிரான்சிஸ்டர் வழியாகக் கொடுப்பது நல்லது. சென்சாரின் அவுட்புட்டிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக டிரான்சிஸ்டரின் பேஸ். எமிட்டர் கிரவுண்டிற்கு. கலெக்டர் 13ஆம் பின்னுக்கு. அதே கலெக்டரிலிருந்து 10 கிலோ ஓம் வழியாக போர்டின் 3.3 வோல்ட் பின்னுக்கு. இப்போது விலங்கு வந்தால் 13ஆம் பின் மேல்நிலையிலிருந்து கீழ்நிலைக்கு வரும். அதையே விழித்தெழும் அடையாளமாக புரோகிராமில் குறிப்பிட வேண்டும்.

சென்சாரில் இரண்டு திருகுகள் இருக்கும். ஒன்று தூரத்தை ஏறத்தாழ 3 முதல் 7 மீட்டர் வரை மாற்றும். அதை நடுவில் வையுங்கள். மற்றொன்று அவுட்புட் எவ்வளவு நேரம் நீடிக்க வேண்டும் என்பது. இதை முழுதும் குறைத்துவிடுங்கள். மின்சாரம் கொடுத்தபின் முதல் ஒரு நிமிடம் சென்சார் தன்னைச் சரிசெய்து கொள்ளும். அப்போது வரும் சிக்னல்களைப் பொருட்படுத்த வேண்டாம். சென்சாரை போர்டின் மேல் ஒட்டாமல் சில சென்டிமீட்டர் தள்ளி வைக்கவும். வைஃபை அலை அருகில் இருந்தால் யாருமே வராமல் சென்சார் கூவும். காட்டில் வைஃபை தேவையில்லை என்பதால் புரோகிராமில் அதை ஆஃப் செய்துவிடலாம், பேட்டரியும் மிச்சமாகும்.

புரோகிராமில் கவனிக்க

ஈஎஸ்பி32-கேம் போர்டில் பி.ஐ.ஆர். சென்சாரைக் கொண்டு படமெடுக்கும் இலவச புரோகிராம்கள் இணையத்தில் பல உள்ளன. எதை எடுத்தாலும் கீழ்க்காணும் ஐந்து விஷயங்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

1. கார்டை 1-பிட் முறையில் திறக்க வேண்டும். அப்போதுதான் 13ஆம் பின் நமக்கு மிஞ்சும். 4ஆம் பின்னில் உள்ள பிளாஷ் எல்.இ.டி.யும் ஒவ்வொரு முறை கார்டில் எழுதும்போதும் மின்னாமல் இருக்கும்.

2. விழித்தவுடன் எடுக்கும் முதல் படம் இருண்டோ பச்சையாகவோ இருக்கும். கேமரா வெளிச்சத்தைக் கணிக்கச் சற்று நேரம் வேண்டும். இரண்டு மூன்று படங்களை எடுத்துத் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததைப் பதிய வேண்டும்.

3. படத்தின் வரிசை எண்ணை நிலையான நினைவகத்தில் சேமிக்க வேண்டும். தூக்கத்தில் மட்டும் நிலைக்கும் நினைவகத்தில் வைத்தால், பேட்டரியை மாற்றியவுடன் எண் மீண்டும் ஒன்றிலிருந்து துவங்கி, பழைய படங்களின் மேலேயே புதியவை எழுதப்பட்டுவிடும். போன வாரம் வந்த சிறுத்தையைக் காணோம் என்று தேட வேண்டியிருக்கும்.

4. படம் எடுத்தபின் சென்சார் ஓயும்வரை காத்திருந்து பிறகு தூங்க வேண்டும். இல்லாவிட்டால் தூங்கிய மறுகணமே மீண்டும் விழிக்கும்.

5. தேதியும் நேரமும். இந்த போர்டில் தனிக் கடிகாரம் கிடையாது. துவக்கத்தில் வீட்டு வைஃபை மூலம் நேரத்தைப் பெறச் செய்யலாம். ஆனால் நாட்கள் போகப் போக நேரம் விலகும். இழப்பீடு போன்ற வேலைகளுக்கு என்றால் டிஎஸ்3231 என்ற கடிகார போர்டைச் சேர்ப்பது நல்லது.

பேட்டரி எத்தனை நாள் தாங்கும்?

பலரும் பவர் பேங்கை இணைத்துவிட்டு மறுநாள் ஏமாறுவார்கள். காரணம், பெரும்பாலான பவர் பேங்குகள் எடுக்கப்படும் மின்சாரம் மிகக் குறைவாக இருந்தால் போன் சார்ஜ் ஆகிவிட்டது என்று நினைத்துத் தாமாக ஆஃப் ஆகிவிடும். நம் போர்டோ தூக்கத்தில் 6 மில்லி ஆம்பியர் மட்டுமே எடுக்கிறது. எனவேதான் தனி லித்தியம் செல்லும் எம்டி3608 போர்டும்.

கணக்கைப் பார்ப்போம். 5 வோல்ட்டில் 6 மில்லி ஆம்பியர் என்றால் ஒரு நாளைக்கு 0.72 வாட்-மணி. ஒரு நாளில் நூறு முறை விழித்துப் படமெடுத்தாலும் அதற்கு 0.15 வாட்-மணிக்குள்தான் ஆகும். 2,500 எம்.ஏ.ஹெச். செல் ஒன்றில் 9.25 வாட்-மணி உள்ளது. மாற்றத்தில் ஐந்தில் ஒரு பங்கு வீணாகும் என்று கழித்தால் 7.4. ஆக, ஒரு செல்லுக்கு ஒரு வாரம். இரண்டு செல்களை இணையாகப் போட்டால் இரண்டு வாரம். படமெடுப்பதைவிடத் தூங்குவதற்குத்தான் அதிகம் செலவாகிறது என்பதைக் கவனியுங்கள்.

எம்டி3608 போர்டை ஈஎஸ்பி32-கேமுடன் இணைக்கும் முன் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்துக் கொண்டே திருகைத் திருப்பி, அவுட்புட்டைச் சரியாக 5 வோல்ட்டில் நிறுத்துங்கள். வாங்கி வந்தபடியே இணைத்தால் போர்டு எரிந்து போக வாய்ப்புண்டு. லித்தியம் செல்லின் முனைகளில் நேரடியாக சால்டர் செய்யாதீர்கள், ஹோல்டரைப் பயன்படுத்துங்கள். இரண்டு செல்களைச் சேர்க்கும்போது ஒரே வகையாகவும் ஒரே அளவு சார்ஜ் உள்ளவையாகவும் இருக்கட்டும். பெட்டியை நேர் வெயிலில் வைக்க வேண்டாம்.

இரவு வெளிச்சம்

போர்டில் உள்ள வெள்ளை எல்.இ.டி. இரண்டு மூன்று மீட்டர் வரை உதவும். ஆனால் சில விலங்குகள் மிரளும். வந்து போகும் மனிதரும் கேமரா இருப்பதைத் தெரிந்து கொள்வர். நல்ல வழி அகச்சிவப்பு எல்.இ.டி. அதற்குக் கேமராவில் உள்ள வடிகட்டி தடையாகும் என்பதால் வடிகட்டி இல்லாத, இரவுக் காட்சிக்கான ஓவி2640 கேமராவைத் தனியாக வாங்கி மாற்றிக் கொள்ளலாம். பகல் படங்களின் நிறம் சற்று ரோஜா நிறமாக மாறும். அடையாளம் காண அது தடையல்ல. எல்.இ.டி.யில் 850 நானோமீட்டர், 940 நானோமீட்டர் என இரு வகை உண்டு. முதலாவது அதிக தூரம் ஒளி தரும். ஆனால் மங்கலான சிவப்புப் புள்ளியாகக் கண்ணுக்குத் தெரியும். இரண்டாவது தெரியவே தெரியாது; தூரம் குறையும். எதுவாக இருந்தாலும் போர்டு விழித்திருக்கும்போது மட்டும் எரியுமாறு ஒரு மாஸ்பெட் வழியாக இணைக்கவும்.

பெட்டியும் இடமும்

பெட்டியில் இரண்டு துளைகள் இடவும். கேமராத் துளையை உட்புறமாக ஒரு கண்ணாடித் துண்டு வைத்து மூடவும். சென்சாரின் குமிழ் மட்டும் கண்ணாடியின்றி நேராக வெளியே நீட்டிக் கொண்டிருக்க வேண்டும். சுற்றிலும் சிலிக்கோன் பசையால் அடைக்கவும். எல்.இ.டி.யை அதே கண்ணாடியின் பின்னால் வைத்தால் வெளிச்சம் பிரதிபலித்துப் படம் வெள்ளையாகிவிடும். தனித் துளை கொடுக்கவும். மழையைவிட நம் ஊரில் பெரிய எதிரி எறும்பு. சிறு இடைவெளி இருந்தாலும் குடியேறிவிடும்.

கட்டும் இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது இவற்றை நினைவில் வையுங்கள். தூக்கத்திலிருந்து விழித்துப் படமெடுக்க நம் கேமராவுக்கு ஓரிரு விநாடி ஆகும். விலை உயர்ந்த கேமராக்கள் அரை விநாடிக்குள் எடுத்துவிடும். எனவே பாதைக்கு நேர் குறுக்கே வைத்தால் வால் மட்டுமே கிடைக்கும். பாதைக்குச் சாய்வாக, சுமார் 45 டிகிரியில் வைத்தால் சென்சாரும் உணரும். விலங்கும் சட்டத்திற்குள் அதிக நேரம் இருக்கும். தண்ணீர்த் தொட்டி, பழம் விழும் மரத்தடி போல விலங்கு நின்று நிதானிக்கும் இடம் இன்னும் நல்லது. தூரம் 3 முதல் 5 மீட்டர். உயரம் பன்றிக்கும் முள்ளம்பன்றிக்கும் முழங்கால் அளவு. கிழக்கையோ மேற்கையோ நோக்கி வைத்தால் சூரியன் நேராக விழும். வடக்கு நோக்கி வைப்பது நல்லது. எதிரே ஆடும் புல்லையும் கிளையையும் வெட்டிவிடுங்கள்.

வேலை முடிந்ததும் நீங்களே குனிந்து முன்னே நடந்து பாருங்கள். கார்டை எடுத்துக் கம்ப்யூட்டரில் போட்டு, எந்த இடத்தில் நிற்கும்போது படம் விழுந்தது என்று பார்த்துத் திருத்தவும்.

ஆயிரம் படங்களில் ஒன்றைத் தேட

ஒரு வாரம் கழித்துக் கார்டை எடுத்தால் நூற்றுக்கணக்கான படங்கள் இருக்கும். பலவற்றில் ஒன்றும் இருக்காது. முதலில் எல்லாவற்றையும் தேதியிட்ட ஒரு போல்டருக்குக் காப்பி செய்திடவும். குறைவான படங்கள் என்றால் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரில் பெரிய ஐகான்களாக வைத்துப் பார்க்கலாம். இர்ஃபான்வியூ போன்ற இலவச புரோகிராமில் அம்புக் கீயை அழுத்திக் கொண்டே வேகமாக ஓட்டலாம்.

ஆயிரக்கணக்கில் இருந்தால் மெகாடிடெக்டர் என்ற இலவச செயற்கை நுண்ணறிவு மாடலைப் பயன்படுத்தலாம். மைக்ரோசாப்டில் உருவான இது ஒவ்வொரு படத்திலும் விலங்கு, மனிதர், வாகனம் ஏதேனும் இருக்கிறதா என்று கட்டமிட்டுக் காட்டும். என்ன விலங்கு என்று சொல்லாது. காலியான படங்களை ஒதுக்கித் தரும். புரோகிராம் எழுதத் தெரியாதவர்கள் முன்பு ஈகோஅசிஸ்ட் என்றும் இப்போது அடாக்ஸ்ஏஐ என்றும் அழைக்கப்படும் புரோகிராம் மூலம் விண்டோஸிலேயே இதை இயக்கலாம். விலங்கின் பெயர் தெரியாவிட்டால் ஐநேச்சுரலிஸ்ட் தளத்தில் படத்தை ஏற்றினால் தெரிந்தவர்கள் சொல்வார்கள். அழியும் நிலையில் உள்ள உயிரினம் என்றால் இடத்தை அத்தளமே மறைத்துவிடும். நீங்களும் எறும்புத்தின்னியோ தேவாங்கோ படத்தில் சிக்கினால் ஊர் பெயருடன் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடாதீர்கள். திருடர்களுக்கும் வாட்ஸ்அப் உண்டு.

சட்டமும் மரியாதையும்

அமெரிக்காவில் உரிமம் பெற்று வேட்டையாடலாம். அங்கேயும்கூட, வேட்டைக்கு உதவியாக டிரெயில் கேமரா வைப்பதை அரிசோனா மாநிலம் 2022 ஜனவரி 1 முதல் தடை செய்துவிட்டது. விலங்குக்குத் தப்பிக்க நியாயமான வாய்ப்பு வேண்டும் என்பது காரணம். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். கேமராவில் தெரிந்த பன்றிக்குக் கண்ணி வைப்பதும் அதே குற்றம்தான். காப்புக் காட்டிலும் சரணாலயத்திலும் வனத் துறையின் அனுமதியின்றி நுழையவோ கேமரா கட்டவோ கூடாது. உங்கள் தோட்டம், உங்கள் பட்டா நிலம், உரிமையாளர் சம்மதித்த இடம் இவற்றோடு நிறுத்திக் கொள்ளுங்கள். இழப்பீடு கோரும்போது படத்துடன் கால் தடம், சேதம் இவற்றையும் காட்டி உடனே வனச் சரக அலுவலகத்தில் தெரிவியுங்கள்.

மனிதர்களையும் மறக்கக் கூடாது. கார்பெட் புலிகள் காப்பகத்தில் வைத்த கேமராக்களால், விறகுக்கும் புல்லுக்கும் காட்டிற்குள் செல்லும் பெண்கள் படும் அவதியைக் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்டனர். தங்களை யாரோ பார்க்கிறார்கள் என்ற அச்சத்தில் பாட்டும் பேச்சும் குறைந்து போயின என்கிறது அந்த ஆய்வு. காட்டில் பேசாமல் நடப்பது விலங்கை எதிர்பாராமல் சந்திக்கும் ஆபத்தைக் கூட்டும். ஆகவே வரப்பு, ஒற்றையடிப் பாதை, கிணற்றடி, ஒதுங்கும் இடம் இவற்றை நோக்கிக் கேமராவைத் திருப்பாதீர்கள். இங்கே கேமரா இருக்கிறது என்று ஒரு அட்டையில் எழுதி வைத்துவிடுங்கள். அக்கம் பக்கத்தில் சொல்லிவிடுங்கள். மனிதர் படம் விழுந்திருந்தால் அழித்துவிடுங்கள்.

முதல் வாரம் காற்றும் கோழியும்தான் கிடைக்கும். கோணத்தையும் தூரத்தையும் மாற்றி மாற்றிப் பாருங்கள். சரியான இடம் அமைந்துவிட்டால், நாம் தூங்கும் நேரத்தில் நம் தோட்டத்தை யார் யார் பயன்படுத்துகிறார்கள் என்பது ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் கம்ப்யூட்டர் திரையில் தெரியும். விடுமுறையில் உள்ள பிள்ளைகளையும் சேர்த்துக் கொண்டு முயற்சி செய்து பாருங்களேன்.